பூச்செடிகளின் மரபை எண்ணிப் பார்த்த ஜானகி அம்மாள்: மல்லிகை விவசாயிகளுக்கு ஒரு பாடம்



உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் பகுதிகளின் மணல் நிலத்துக்கு மல்லிகை ஒரு வரம். தங்கச்சிமடம் பக்கம் வேர் பிடிக்க வைத்த மல்லிகை நாற்றுகள்தான் மதுரை, திண்டுக்கல் பக்கம் போய்த் தோட்டமாகின்றன. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் செடிக்கும் பிறந்த வீடு இராமநாதபுரம் மாவட்டம்தான்.

விவசாயிகள் அடிக்கடி கேட்கும் மூன்று கேள்விகள் உண்டு. குண்டுமல்லி ஏன் விதை வைப்பதில்லை? ஒரே கட்டில் வாங்கிய நாற்று ஒருவர் தோட்டத்தில் குலுங்கும்போது இன்னொருவர் தோட்டத்தில் ஏன் ஏமாற்றுகிறது? பெரிய பூ பூக்கும் புது இரகம் என்று சொல்லி விற்கிறார்களே, அதை நம்பலாமா?

மூன்றுக்கும் விடை தேட வேண்டுமென்றால் செடியின் செல்லுக்குள் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்து, கரும்பிலிருந்து அழகுப் புதர்ச்செடிகள் வரை நூற்றுக்கணக்கான செடிகளின் மரபை எண்ணி எழுதியவர் டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள். பிறந்தது கேரளத்தில். படித்ததும், கரும்பு ஆராய்ச்சி செய்ததும், கடைசி மூச்சு விட்டதும் நம் தமிழ்நாட்டில். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் நம் மல்லிகைத் தோட்டத்தைப் பார்க்கும் பார்வையே மாறும்.

தலச்சேரியிலிருந்து மிச்சிகன் வரை

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4-ஆம் தேதி தலச்சேரியில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். தந்தை இ. கே. கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். வீட்டில் தோட்டம் வைத்துப் பராமரித்தார், வட மலபார்ப் பறவைகளைப் பற்றி எழுதவும் செய்தார். மரம், செடி, பறவை பற்றிய பேச்சு நடக்கும் வீடு அது. உடன் பிறந்தவர்கள் பலர். சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் நடந்தது. ஜானகி மட்டும் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, ஆசியப் பெண்களுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை கிடைத்தது. 1924-ல் கப்பலேறினார். முதுநிலைப் பட்டம் பெற்று ஊர் திரும்பி, மறுபடியும் போய் 1931-ல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். தாவரவியலில் அமெரிக்க முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். நம் கிராமங்களில் பெண் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பவே தயங்கிய காலம் அது.

பத்திரக்கட்டுக் கணக்கு

அவர் அங்கே கற்றுக்கொண்டது குரோமோசோம்களை எண்ணும் கலை. அது என்னவென்று எளிமையாகப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தின் நிலபுலன் விவரம் எல்லாம் பத்திரங்களில் இருக்கும். பத்திரங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். செடியிலும் அப்படித்தான். பூ என்ன நிறம், எத்தனை இதழ், எந்தப் பருவத்தில் பூக்கும் என்ற ஒவ்வொரு விவரமும் மரபணு என்னும் பத்திரங்களில் இருக்கிறது. அந்தப் பத்திரங்களின் கட்டுதான் குரோமோசோம். கட்டுகள் எல்லாம் சேர்ந்த பெட்டியை மரபணுத்தொகுதி என்கிறோம். செடியின் ஒவ்வொரு செல்லிலும் இந்தப் பெட்டி உண்டு.

சாதாரணமாக ஒரு செடிக்கு இரண்டு தொகுதிகள் இருக்கும். ஒன்று தாய்வழி, மற்றொன்று தந்தைவழி. மல்லிகை இனத்தில் ஒரு தொகுதிக்கு 13 குரோமோசோம், இரண்டு தொகுதிக்கு 26. முல்லை, பிச்சி ஆகியவற்றிலும் 26 தான். குண்டுமல்லி வகையில் சில இரகங்களில் மட்டும் மூன்று தொகுதிகள் சேர்ந்து 39 இருக்கின்றன.

மூன்று தொகுதி இருந்தால் என்ன ஆகும்? வாழையைப் பாருங்கள். காட்டு வாழைக்கு 22 குரோமோசோம், பழத்துக்குள் விதை நிறைந்திருக்கும். நாம் வளர்க்கும் பூவன், ரஸ்தாளி வகைகளுக்கு 33. விதை உருவாக வேண்டுமானால் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்று பேருக்கு எப்படி ஜோடி போடுவது? பங்கு சரியாகப் பிரியாததால் விதை பிடிப்பதில்லை. அதனால்தான் வாழையைப் பக்கக்கன்று வைத்து வளர்க்கிறோம்.

இப்படி வழக்கமான இரண்டுக்கு மேல் தொகுதி இருப்பதைப் பன்மடியம் என்று சொல்வோம். ஜானகி அம்மாள் வாழ்நாள் முழுவதும் துரத்திய விஷயம் இதுதான்.

கோவையில் கரும்பு

அமெரிக்காவிலிருந்து திரும்பியவர் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்தார். 1912-ல் தொடங்கிய அந்த நிலையம் அதற்கு முன்பே பெயர் பெற்றிருந்தது. பார்பர், டி. எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் இனிப்பு மிகுந்த தடிக்கரும்பையும் காட்டுக் கரும்பையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற இரகம் 1918-லேயே வெளிவந்திருந்தது.

தடிக்கரும்புக்கு 80 குரோமோசோம். கோவைப் பகுதிக் காட்டுக் கரும்புக்கு 64. இந்தக் காட்டுக் கரும்பை ஊருக்கு ஊர் எடுத்து எண்ணினால் 40-லிருந்து 128 வரை வேறுபடுகிறது. பார்வைக்கு எல்லாம் ஒரே புல்தான். உள்ளே இருக்கும் கணக்கு வேறு. எந்தத் தாயோடு எந்தத் தந்தையைச் சேர்த்தால் பயிர் நிற்கும், விதை பிடிக்கும் என்பதற்கு இந்தக் கணக்கு அடிப்படை. ஜானகி அம்மாள் கரும்பின் உறவுப் புற்களை எல்லாம் எண்ணினார். கரும்போடு சோளம், மக்காச்சோளம் போன்ற வேறு பேரினங்களையும் கலந்து, பிறந்த கலப்பினங்களின் செல்லை ஆராய்ந்தார்.

தனியாக வாழும் பெண், அதிலும் பிற்படுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அக்காலத்து அலுவலகச் சூழல் அவருக்கு எளிதாக இருக்கவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1935-ல் இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வான பிறகும் அந்த நெருக்கடி தீரவில்லை.

குண்டு விழுந்த ஊரில்

1939 ஆகஸ்டில் எடின்பரோ நகரில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குப் போனார். மாநாடு முடிந்த சில நாட்களிலேயே இரண்டாம் உலகப்போர் மூண்டது. லண்டனுக்கு அருகில் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வதும், விடிந்ததும் அலமாரியில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வதுமாக அந்த ஆண்டுகள் போயின.

இராமேசுவரம் பக்கத்து வாசகர்களுக்குப் பிடித்த ஒரு செய்தி. நம் ஊர் அணில் ஒன்றை அவர் யாருக்கும் தெரியாமல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோயிருந்தார். அதற்கு இலவம்பஞ்சின் ஆங்கிலப் பெயரான கபோக் என்பதையே பெயராக வைத்தார். அது அந்த நிலையத்திலேயே சில ஆண்டுகள் வாழ்ந்தது. ஜானகி என்ற பெயருக்கும் அணிலுக்கும் உள்ள பொருத்தத்தை நம் சேதுக்கரை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

போர் முடிந்த 1945-ல் சி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் எழுதிய, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்லஸ் வெளிவந்தது. நெல், பருத்தி, காய்கறி, பழம், பூ என்று மனிதன் வளர்க்கும் செடிகளுக்கு எத்தனை குரோமோசோம் என்று பட்டியலிட்ட நூல் அது. உலகெங்கும் பயிர் இனப்பெருக்கம் செய்தவர்களின் மேசையில் அது இருந்தது.

புதர்ச்செடிகளும் செங்காந்தள் மருந்தும்

அடுத்து விஸ்லி என்ற ஊரில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் செல்லியல் அறிஞராகச் சேர்ந்தார். அந்தத் தோட்டத்தில் சம்பளம் பெற்ற முதல் பெண் அறிவியலாளர் அவர் என்கிறார்கள். 1951 வரை அங்கே இருந்தார். அழகுப் புதர்ச்செடிகள் மீதான அவருடைய பெரும்பணி நடந்தது இங்கேதான்.

தோட்டக்காரர்களுக்குத் தேவையானவை பெரிய பூ, தடித்த இதழ், சீக்கிரம் வாடாத தன்மை. இதற்கு ஒரு வழி, செடியின் குரோமோசோம் தொகுதியை இரட்டிப்பாக்குவது. அதைச் செய்யும் பொருள் கால்சிசின். இதைப் பயன்படுத்திச் செடிகளில் குரோமோசோமை இரட்டிப்பாக்கலாம் என்பது 1937-ல் தெரியவந்தது.

இந்தக் கால்சிசின் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இதுதான். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு விதையை மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்களே, அதே செடி.

கால்சிசின் எப்படி வேலை செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் பத்திரங்களை எல்லாம் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளும். பிறகு நுண்ணிய இழைகள் ஆளுக்கொரு நகலை இரு பக்கமும் இழுத்துச் செல்லும். கால்சிசின் அந்த இழைகளை உருவாக விடாது. இழுக்க ஆளில்லாததால் இரண்டு நகலும் ஒரே செல்லில் தங்கிவிடும். அந்தச் செல்லிலிருந்து வளரும் கிளையில் தொகுதி இரு மடங்காகிவிடும். செல் பெரிதாகும், இலை தடிக்கும், பூவிதழ் அகலமாகும்.

ஜானகி அம்மாள் மக்னோலியா கோபஸ் என்ற வெள்ளைப்பூ மரத்தின் இளங்கன்றுகளை இந்த மருந்தால் நேர்த்தி செய்தார். இது நம் செண்பகத்தின் நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் இயல்பாக 38 குரோமோசோம். நேர்த்தி செய்த கன்றுகளில் அது 76 ஆனது. அவை தடித்த இலையும் அகன்று தடித்த இதழ்களும் கொண்டு வளர்ந்தன. விஸ்லித் தோட்டத்தின் ஒரு குன்றில் நட்ட அந்த மரங்கள் அவர் காலத்துக்குப் பிறகும் பூத்து வருகின்றன. அவற்றில் தேர்ந்தெடுத்த ஓர் இரகத்துக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கால்சிசின் கடும் நஞ்சு. மிகச் சிறிய அளவு உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. செங்காந்தள் விதையை அரைத்து மல்லிகைக் குருத்தில் தடவிப் பார்க்கலாமே என்று யாரும் முயல வேண்டாம். அது ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்போடு செய்ய வேண்டிய வேலை. இரட்டிப்பாக்கினால் எப்போதும் நல்லது என்றும் எண்ண வேண்டாம். பல செடிகள் மெதுவாக வளரும், சில பூ எண்ணிக்கையில் குறையும், சிலவற்றில் விதை பிடிக்காது. எடைக்கு விற்கும் பூவில் ஒரு மொட்டு பெரிதாவதைவிடச் செடிக்கு எத்தனை மொட்டு என்பது முக்கியம்.

இயற்கை செய்த இரட்டிப்பு

மருந்து போட்டு மனிதன் செய்வதை இயற்கை காலங்காலமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இதை அவர் ரோடோடென்ட்ரான் என்ற மலைப்பூ இனத்தில் விரிவாக ஆராய்ந்தார். நீலகிரியில் சிவப்பாகப் பூத்து நிற்கும் காட்டுப்பூவரசு இந்த இனம்தான். இமயமலையிலும் சீன மலைகளிலும் இதில் பல நூறு வகைகள் உண்டு. அடிப்படைத் தொகுதி 13 என்றிருக்க, சில வகைகளில் நான்கு தொகுதி, ஆறு தொகுதி என்று பெருகியிருப்பதை அவர் எண்ணிக் கண்டார்.

எந்த இடத்தில் எத்தனை தொகுதி என்று வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு பாங்கு தெரிந்தது. குளிரும் ஈரமும் சேர்ந்த வடகிழக்கு இமயத்தில் பன்மடியச் செடிகள் அதிகம். குளிர்ந்து வறண்ட வடமேற்கில் குறைவு. புதிய செடி வகைகள் வடகிழக்கில் வேகமாகத் தோன்றியதற்கு இந்தப் பெருக்கம் ஒரு காரணம் என்பது அவர் கண்ட முடிவு. தட்பவெப்பம், நிலம், குரோமோசோம் மூன்றும் சேர்ந்து செடிகளை உருவாக்குகின்றன என்ற இந்தப் பார்வை அவருடைய பெரிய பங்களிப்பு.

நம் மல்லிகைக் குடும்பத்திலும் இப்படி ஒரு பழங்கதை உண்டு. எண்ணெய் எடுக்கும் ஆலிவ் மரமும் மல்லிகையும் ஒரே குடும்பம். மல்லிகைக்கு 26 குரோமோசோம் என்றால் ஆலிவுக்கு 46. மிகப் பழங்காலத்தில் ஆலிவின் கிளையில் இரண்டு தொகுதிகள் ஒன்றாகச் சேர்ந்து நிலைபெற்றுவிட்டதன் தடம் அது. மல்லிகைக் கிளை அந்தப் பெருக்கத்தில் சேரவில்லை. குண்டுமல்லியின் மரபணுத்தொகுதியை அண்மை ஆண்டுகளில் முழுமையாகப் படித்தபோதும் 13 குரோமோசோம்தான் வந்தது. மணத்துக்கான மரபணுக்கள் எங்கே இருக்கின்றன என்று இப்போது தேட முடிகிறது. அன்று நுண்ணோக்கியில் கண் வலிக்க எண்ணியவர்கள் போட்ட அடித்தளத்தின் மீதுதான் இந்த வேலை நிற்கிறது.

எரிந்துபோன ஒற்றை மரம்

1951-ல் பிரதமர் நேரு, இந்தியத் தாவர ஆய்வகத்தைச் சீரமைக்க அவரை அழைத்தார். இங்கிலாந்தில் நல்ல பெயரும் வசதியான ஆய்வுக்கூடமும் இருந்தும் விட்டுவிட்டு வந்தார். 1952 அக்டோபரில் சிறப்பு அலுவலராகப் பொறுப்பேற்றார்.

நாட்டைச் சுற்றி வந்தபோது அவர் பார்த்த காட்சி வேறாக இருந்தது. உணவுப் பஞ்சம் போக்க, அதிக உணவு உற்பத்தி இயக்கம் நடந்துகொண்டிருந்த காலம். விளைநிலம் வேண்டுமென்று காடு அழிந்துகொண்டிருந்தது. அசாமின் அந்தப் பகுதியில் ஒரே ஒரு மரமாக எஞ்சியிருந்த மக்னோலியா கிரிபித்தி என்ற மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போனார். போய்ச் சேர்ந்தபோது அது எரிந்துபோயிருந்தது.

விஸ்லியில் ஒரு மக்னோலியாவின் குரோமோசோமை இரட்டிப்பாக்கியவர் அவர். ஆனால் எரிந்த மரத்தை எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. புதிய இரகம் உருவாக்க ஆய்வுக்கூடம் வேண்டும், அதற்கும் முன்னால் மூலச்செடி உயிரோடு இருக்க வேண்டும். 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றுகிறான் என்பது பற்றி உலக அறிஞர்கள் கூடிய கருத்தரங்கில் அவர் ஒருவர்தான் பெண். இந்தியாவின் பிழைப்புக்கான வேளாண்மை பற்றி அங்கே பேசினார். பழங்குடி மக்களுக்கும் கிராமத்துப் பெண்களுக்கும் இருக்கும் செடி அறிவை மதித்துப் பேசியவர் அவர்.

பிறகு ஜம்மு மண்டல ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றினார். அங்குள்ள 25,000-க்கும் மேற்பட்ட உலர் தாவர மாதிரிகளின் தொகுப்புக்கு இன்று அவர் பெயர். சிறிது காலம் டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இருந்தார்.

மதுரவாயலில் கடைசி நாட்கள்

1970-ல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு மதுரவாயலில் கள ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கேயே தங்கி மூலிகைத் தோட்டம் வளர்த்தார், குரோமோசோம் எண்ணுவதையும் நிறுத்தவில்லை. எளிய சேலை, குறைந்த தேவைகள், சுற்றிலும் செடிகள் என்று இருந்தார். 1977-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த ஆண்டுகளில் பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டம் வந்தது. மழைக்காடு மூழ்கிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. எண்பது வயதைத் தாண்டிய ஜானகி அம்மாளும் அதில் சேர்ந்தார். அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம் கணக்கெடுப்பைத் தொடங்கத் தீர்மானித்தார். காடு போய்விட்டால் அங்கிருக்கும் மரபும் போய்விடும், குறைந்தது பதிவாவது இருக்கட்டும் என்பது அந்த வேலையின் நோக்கம்.

1984 பிப்ரவரி 7-ஆம் தேதி, மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலையில் இருந்தபோதே காலமானார். அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. கொடைக்கானலில் ரோஜா இனப்பெருக்கம் செய்யும் வீரராகவன் தம்பதியர் பின்னாளில் தாங்கள் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

நம் மல்லிகைத் தோட்டத்துக்கு இதில் என்ன?

குண்டுமல்லி பொதுவாக விதை வைப்பதில்லை. நறுக்கு, பதியன் மூலமாகத்தான் பெருக்குகிறோம். அதாவது ஒரு தாய்ச்செடியின் பத்திரப்பெட்டி அப்படியே நகலாக ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்குப் போகிறது. தாய் நன்றாக இருந்தால் ஆயிரம் செடியும் நன்றாக இருக்கும். தாயிடம் குறை இருந்தால் ஆயிரம் செடிக்கும் அதே குறை. ஒரே மரபாக இருப்பதால் ஒரு புது நோய் ஒரு செடியை வீழ்த்தினால் பக்கத்துச் செடிக்கும் தாங்கும் சக்தி இருக்காது. ஆகவே நாற்று எடுப்பவர்களும் நடுபவர்களும் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. தாய்ச்செடியை ஒரு பருவம் முழுவதும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பூ அதிகம் வரும் சித்திரை, வைகாசியில் நல்ல செடிகளில் கலர் துணி கட்டி வையுங்கள். ஒவ்வொரு பறிப்பிலும் எத்தனை கிராம் பூ, மொட்டு எவ்வளவு பருமன், பருவம் முடியும்போதும் பூ வருகிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாள் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

2. நோயுள்ள செடியிலிருந்து குச்சி எடுக்கவே கூடாது. பூ விரியாமல் பச்சை இலைபோல் மாறும் செடி, குருத்து சிறுத்துப் புதராகும் செடி ஆகியவற்றை வேரோடு எடுத்து அழித்துவிடுங்கள். இவை உரத்தால் சரியாகாது.

3. இலை மஞ்சளானால் உடனே மரபுக் குறை என்று முடிவு கட்ட வேண்டாம். நம் கடலோர மண்ணில் இரும்புச்சத்துப் பற்றாக்குறை சாதாரணம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து இலைவழி தெளித்துப் பாருங்கள். பச்சை திரும்பினால் குறை மண்ணில், செடியில் இல்லை. ஒரே கட்டு நாற்று இரண்டு தோட்டத்தில் இரண்டு விதமாக இருப்பதற்குப் பெரும்பாலும் மண், தண்ணீர், வேர் நூற்புழு, கவாத்து ஆகியவைதான் காரணம்.

4. நாற்று வாங்கும்போது வேரையும் பாருங்கள். வேரில் முடிச்சு இருந்தால் நூற்புழு இருக்கிறது. அந்த நாற்றை நட்டால் புழுவையும் சேர்த்துத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறீர்கள்.

5. ஒரு செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் வேறு மாதிரிப் பூத்தால் வெட்டி எறிய வேண்டாம். இதழ் கூடுதலாகவோ, மொட்டு பெரிதாகவோ, பருவம் தவறிப் பூப்பதாகவோ இருக்கலாம். அது அந்தக் கிளையின் மரபில் இயற்கையாக ஏற்பட்ட மாற்றமாக இருக்க வாய்ப்புண்டு. அடையாளம் கட்டி, தனியாக நாற்று எடுத்து, இரண்டு ஆண்டு பாருங்கள். பயிர்களில் பல நல்ல இரகங்கள் இப்படித்தான் கிடைத்திருக்கின்றன.

6. பெரிய பூ என்று சொல்லி விற்கும் நாற்றை முதலில் பத்து செடி மட்டும் நட்டுப் பாருங்கள். உரமும் தண்ணீரும் கூட்டினாலும் சில நாள் பூ பெரிதாகும். அது மரபு மாற்றம் ஆகாது. உங்கள் பழைய செடிக்குப் பக்கத்தில், அதே உரத்தில், அதே தண்ணீரில் வளரட்டும். வித்தியாசம் அப்போது தெரியும்.

7. மரபு நல்லதாக இருந்தாலும் பராமரிப்பு வேண்டும். குண்டுமல்லி புதுக்கிளையில்தான் பூக்கும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டுக் கவாத்து செய்யுங்கள். செடிக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழு உரம், 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து தேவை. உரச் சத்துகளைக் கவாத்து முடிந்த நவம்பரில் ஒரு பாதி, ஜூன் – ஜூலையில் ஒரு பாதி எனப் பிரித்து இடுங்கள்.

8. குண்டுமல்லியோடு வேறு வகைகளும் இருக்கட்டும். முல்லை, பிச்சி, அடுக்குமல்லி, இருவாட்சி இவற்றில் இரண்டு மூன்று செடியாவது வரப்போரம் வையுங்கள். ஆண்டு முழுவதும் பூக்கும் கோ.1 நட்சத்திர மல்லிகையை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது. குண்டுமல்லி வராத குளிர் மாதங்களில் அது கைகொடுக்கும்.

இந்த எட்டாவது விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். நம் பகுதியில் வீட்டு முற்றத்திலும் கோவில் நந்தவனத்திலும் பெயர் தெரியாத பழைய மல்லிகைப் புதர்கள் இன்னும் இருக்கின்றன. சந்தைக்கு ஏற்றதில்லை என்று அவற்றைப் பிடுங்கிவிட்டு வீட்டுமனையாக்குகிறோம். அவற்றில் ஒன்று உப்புத் தண்ணீரைத் தாங்கும் மரபைக் கொண்டிருக்கலாம், இன்னொன்றுக்கு நூற்புழுவை எதிர்க்கும் திறன் இருக்கலாம். பிடுங்கிய பிறகு அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. விதையே வைக்காத செடி என்றால் கடைசிப் புதரோடு அந்த மரபே முடிந்துவிடும். விதைச் சேமிப்புக் கிடங்கிலும் அதைக் காப்பாற்ற முடியாது. வளர்த்துக்கொண்டே இருப்பது ஒன்றுதான் காப்பாற்றும் வழி.

ஷில்லாங் அருகே ஜானகி அம்மாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் ஊரில் பழைய மல்லிகைப் புதர் ஏதாவது இருந்தால், வரும் மழைக்காலத்தில் அதிலிருந்து நான்கு குச்சி நறுக்கி வேர் பிடிக்க வையுங்கள். இரண்டை உங்கள் வரப்பில் நடுங்கள், இரண்டைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுங்கள். வித்தியாசமான செடி எதையாவது கண்டால் அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பூவோடும் இலையோடும் ஒரு கிளையை எடுத்துச் சென்று காட்டுங்கள்.